கன்னிக்காலுக்கு எந்த மரம்?

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு கலியாண வீடு இரண்டாகப் பிளக்கப் பார்த்தது. காரணம் நகை இல்லை, சீர் இல்லை... ஒரு மரக்கொம்பு!

வீட்டுக்காரர் எனக்கு அடுத்த வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. மகள் கமலத்துக்குக் கலியாணம். அவர்கள் வழக்கப்படி முதலில் கன்னிக்கால் ஊன்ற வேண்டும். முள்முருக்கின் பச்சைக் கொம்பை — நாம் கல்யாண முருங்கை என்கிறோமே, அதுதான் — முற்றத்து மூலையில் நட்டுப் பால் ஊற்றுவார்கள். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்குமாம். கமலத்தின் அம்மா கிள்ளானில் ஒரு வெற்றிலைத் தோட்டத்தில் சொல்லிவைத்து, இலையும் தழையுமாக ஒரு கொம்பு வரவழைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாட்டு வண்டியில் வந்து இறங்கினார் தாய்மாமன் கந்தையா. ஒரு மரக் கம்பெனியில் கிளார்க். அவர் கொண்டுவந்தது மெர்பாவ் மரத்தில் இழைத்த கால். அதில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்!

"எங்கட பிள்ளைக்கு இந்தத் தடியோ? நகம் பட்டாலே நசியுது. ஸாஃப்ட்வுட்! கலியாணம் எண்டா ஹார்ட்வுட்டிலை ஊண்ட வேணும்."

"காய்ஞ்ச மரம் எப்பிடி அண்ணை துளிர்க்கும்?" என்றார் தங்கை.

"துளிர்க்காட்டி என்ன? காலத்துக்கும் நிக்கும்."

பேச்சு தடித்தது. மாமா சால்வையை உதறித் தோளில் போட்டார். "அந்தத் தடியை நட்டா நான் கலியாணத்துக்கு வரமாட்டன்!"

தாய்மாமன் இல்லாமல் கலியாணமா? தங்கை அழத் தொடங்கிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அடுத்த வீட்டுக்காரன் என்ன சொல்ல முடியும்?

அப்போது கல்யாணப் பெண்ணே வாசலுக்கு வந்தாள்.

"மாமா, பால் டின் வந்த பைன் பெட்டியைக் காட்டி ஒருக்கா எனக்குச் சொன்னனீங்களெல்லோ... ஊசி இலையும் கூம்புக் காயும் உள்ள மரம்தான் ஸாஃப்ட்வுட், அகல இலை விட்டுப் பூக்கிற மரமெல்லாம் ஹார்ட்வுட் எண்டு?"

"ஓம், சொன்னனான். அமத்திப் பாத்துச் சொல்லுற விஷயமில்லை அது."

"அப்ப இதுக்கு ஊசி இலையோ, மாமா?"

எல்லோரும் கொம்பைப் பார்த்தோம். உள்ளங்கை அகலத்துக்கு இலைகள். மாமாவும் பார்த்தார். தொழில் தெரிந்த மனிதர், பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஹார்ட்வுட்தான்..." என்றார் மெதுவாக. அடுத்த கணம், ஏதோ தாமே கண்டுபிடித்ததுபோல, "சரியான ஹார்ட்வுட்! ஆர் இல்லையெண்டது? மச்சான், மண்வெட்டி எங்க?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

இந்தக் கணக்கில் நம் கொல்லை முருங்கையும் ஹார்ட்வுட்டாம், வாசகர்களே! அதில் ஏறிக் கிளையோடு கீழே வந்தவர்கள் நம்புவீர்களா?

கலியாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாமா முன்வரிசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் முள்முருக்கின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். கொம்பும் இப்போது துளிர்த்துவிட்டது. கலியாணத்தன்று விடைபெறும்போது கமலத்திடம் கேட்டேன்: "மரத்தைப் பற்றி இவ்வளவு தெரியுமா உனக்கு?"

"மரம் எதுவெண்டால் என்ன, அண்ணை? எனக்கு மாமா வர வேணும்."

கோபித்துக்கொண்டு கிளம்புகிறவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை — திரும்பி வர ஒரு கௌரவமான சாக்கைக் கொடுத்துப் பாருங்கள்!