இத்தனை அன்பான ஆஸ்பத்திரி

கேரளத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் என்மேல் தனிப்பிரியம் என்று நம்பினேன். வேறெப்படி நினைப்பது? கண் விழித்த மறுநாள் முகம் மழிக்க பிளேடைத் தேடினால் காணோம். வார்டு ஊழியர் சோப்புநுரையோடு வந்து, தாடையைப் பிடித்துக்கொண்டு அவரே மழித்துவிட்டார். இடுப்பில் கிடந்த அரைஞாண்கயிற்றைக்கூட அறுத்து எடுத்துவிட்டார்கள். காற்றோட்டத்துக்கு என்று நினைத்தேன். ஜன்னலோரக் கட்டிலிலிருந்து என்னை மாற்றி, நர்சின் மேஜைக்கு நேரெதிரே போட்டார்கள். கழிப்பறைக்குப் போனால் வாசலில் ஒருவர் காவல். கல்யாணத்தன்று மாமனார் வீட்டில்கூட எனக்கு இந்தக் கவனிப்பு இல்லை.

சிலமலையிலிருந்து போடிமெட்டு வளைவுகளை ஏறினால் கேரளம். துபாய்க்குப் போன பங்காளிகள் இதையெல்லாம் வெளிநாடு என்று சேர்க்கமாட்டார்கள். ஆனால் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கடையில் குடிதண்ணீர் ஏதோ பட்டை போட்டுக் காய்ச்சி, சிவப்பாகச் சுடச்சுட வரும், பஸ்சில் ஊர்ப்பெயரை வாசிக்க முடியாது, காய்ச்சல் வந்தால் நர்சம்மா வீட்டு வாசலுக்கே வந்து விசாரிப்பார். முதல் தடவை அப்படி ஒருவர் வந்தபோது, கணக்கெடுத்துத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று ஏலச்செடிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டவன் நான். கீழே நம் பக்கத்தில் கூட்டம் அப்படி. நாம் உட்காருவதற்குள் டாக்டர் மாத்திரை எழுதி முடித்திருப்பார். "எப்படி இருக்கீங்க?" என்று ஒரு டாக்டர் என்னைக் கேட்டிருந்தால் பயத்திலேயே படுத்திருப்பேன்.

இந்த மலைக்கு என்னைக் கூட்டிவந்தவர் கருப்பையா அண்ணன். என் தெருக்காரர், எஸ்டேட்டில் கங்காணி. வந்த அன்று போடிமெட்டுக் குளிரில் எனக்குப் பல் கிட்டித்தபோது தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்து, "நம்மூர்க்காரன் ஒருத்தன் இருக்கையில நீ அனாதை இல்லடா மாப்ளே" என்றார். அவர் சொன்னால் எனக்கு அதுதான் சட்டம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று எனக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் மாட்டியிருந்த டேங்கின் மூடி இளகி, பூச்சிமருந்து கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஊற்றியது. அருகே நின்றவர் கருப்பையா அண்ணன் மட்டும்தான். என் மனைவி செல்வி வேறொரு சரிவில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கண் மங்கி, வாயில் நுரை தள்ளி, கை தானாக ஆட ஆரம்பித்தது. ஜீப்பில் கிடந்தபடி மரண வாக்குமூலம் கொடுத்தேன். மகான் கணக்காக ஏதாவது சொல்லலாம் என்றால், வந்தது இவ்வளவுதான்: "அண்ணே, கோழிக்குத் தவுடு வைக்கலண்ணே." அப்புறம் நினைவில்லை.

மூன்றாம் நாள் ஒரு சின்னப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். மனதைப் பற்றிப் பேசுகிறவளாம். "சேட்டா, வீட்டில் எந்தெங்கிலும் பிரஷ்னம் உண்டோ?" என்றாள். வீட்டுப் பிரச்சினையைக்கூட விசாரிக்கும் அரசாங்கம்! எனக்குக் குஷி தாங்கவில்லை. போட்ட ஊசிமருந்தில் உலர்ந்துகிடந்த நாக்கைச் சுழற்றி, எனக்குத் தெரிந்த மலையாளத்தில் அவிழ்த்துவிட்டேன்: "ஏம்மா, எம் பொண்டாட்டி வைக்கிற ரசத்தக் குடிச்சவன், எதையும் குடிப்பான்!"

அவள் சிரிக்கவில்லை. மெல்ல என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், வெளியே இருந்த செல்வியிடம் வெகுநேரம் பேசினாள்.

செல்வி உள்ளே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. "ஒங்கள நான் அப்பிடி என்ன கொடுமை பண்ணிப்புட்டேன்? மருந்த எடுத்துக் குடிக்கிற அளவுக்கு?"

"நான் எங்கடி குடிச்சேன்? மேல ஊத்திருச்சு!"

"கூட்டியாந்த கருப்பையா அண்ணன்தான் சொல்லியிருக்காக. வீட்டுல சண்ட, குடிச்சுட்டான்னு."

நான் பார்த்த அன்புக்கெல்லாம் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அத்தனையும் சாக நினைத்த ஒருவனுக்கு நடந்த உபசாரம். அந்த ஆளுக்கு என் பெயரை வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கேட்டேன். "மெதுவாப் பேசு மாப்ளே. வேலையில ஊத்துச்சுன்னு சொன்னா ஆபீசருக வருவாக. மொதலாளி என்னையத்தான் கேப்பாரு. நம்ம பயலுக சோலியும் போகும். உசுரு இருக்குல்ல, விடுவியா..." பழத்தை உரித்து என் வாயருகே நீட்டினார். பழக்கதோஷம், வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் சேதி மலையிறங்கிவிட்டது. ஊரிலிருந்து என் ஆத்தா போனில் அழுதாள்: "அவ கையால இனி சோறு திங்காதடா அப்பு. நீ மட்டும் கெளம்பி வந்துரு." செல்விக்கும் அது கேட்டது. "என்னையக் கொலகாரியாக்கிட்டாக. அந்தக் கங்காணியே வந்து தன் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் நான் ஊருக்குள்ள காலு வைக்க மாட்டேன்" என்றாள்.

டாக்டரிடம் போனோம். நான் இல்லை என்று சத்தியம் செய்யச் செய்ய, அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. இப்படி வருகிற எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்களாம். கடைசியில், கூட்டிவந்தவரே வந்து கண்ணால் பார்த்ததைச் சொன்னால் மாற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டார். அண்ணனிடம் கெஞ்சினேன். "வெள்ளிக்கெழம வெரசா வந்துர்றேன் மாப்ளே" என்றார். நான் நம்பினேன். மனதைப் பற்றிப் பேசிய அந்தப் பெண்ணும் நம்பி, டாக்டரிடம் எங்களுக்காக நேரம் வாங்கிவைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு செல்வி என்னோடு வந்தாள். டாக்டர் எழுந்து போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணனின் போன் அணைந்திருந்தது. மறுநாள் ஊரிலிருந்து என் தம்பி விஷயத்தைச் சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை கருப்பையா அண்ணன் சிலமலையில் எங்கள் வீட்டில் இருந்தார். என் உயிரைக் காப்பாற்றியவர் என்று ஆத்தா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, கிழமைகூடப் பார்க்காமல் கோழி அடித்துச் சோறு போட்டிருக்கிறாள்.