கருவேலம்பிசினில் ஒளி பாய்ச்சிய கதை

ஒளிச்சிதறல் வேலையில் ஒரு தூசி ஆயிரம் மூலக்கூறுகளை மறைத்துவிடும். விருதுநகரில் உட்கார்ந்து அதைச் செய்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: கருவேலம்பிசினின் மூலக்கூறு நேரான சங்கிலி அல்ல, கிளைவிட்டுப் படர்வது. பிசினைக் கரைத்து ஒளியைப் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று அளந்தால், அதன் அளவையும் கிளைகளையும் ஓரளவு கணக்கிடலாம்.

எனக்கு முன்னால் இருந்தவர்

இது நான் பார்த்ததல்ல. ஆய்வகப் பணியாளர் தங்கையா சொல்லிக் கேட்டது. எனக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்தவர் சன்னல்களை அடைத்து, இடுக்குகளில் தாள் ஒட்டி, வாசலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டாராம். ஆடிக்காற்று எல்லாவற்றையும் தாண்டி உள்ளே வந்ததாம். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். தங்கையா சொன்னார்: "பிசினப் படிக்க வந்தாக. தூசியப் படிச்சிட்டுப் போனாக."

மாமாவின் நாற்காலி

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் என் மாமா கணக்கர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். தனக்குப் பக்கத்து நாற்காலியை எனக்காகச் சொல்லிவைத்திருந்தார். தீபாவளி சீசன் தொடங்கினால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். அதற்குள் ஆராய்ச்சியில் ஒரு நல்ல முடிவு வராவிட்டால் எனக்கு உதவித்தொகையும் நின்றுவிடும். இதையெல்லாம் மாமாவிடம் விளக்கிவிட்டு, பிசினைப் பற்றியும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "ஒட்டுதா இல்லையான்னு விரல வச்சாத் தெரிஞ்சுபோகும். அதுக்கு எதுக்குலே லைட்டு?"

ராட்சத மூலக்கூறு

கடைப் பிசினில் கலப்படம் என்பதால் அம்மாவிடம் நல்ல பிசின் கேட்டேன். அவள் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் குழாய் சுருட்டுகிறவள். மரத்திலிருந்து தானே எடுத்து, கரைத்து, வடிகட்டி, உலர்த்திப் பொடியாக்கிக் கொடுத்தாள். அதில் கிடைத்த அளவீடுகளை நானே நம்பவில்லை. எங்கும் கேள்விப்படாத அளவில், அடர்ந்து கிளைத்த மூலக்கூறு. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் அன்று எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். மாமாவுக்கு, நாற்காலி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு சாத்தூர்ப் பிசினில் செய்து பார்த்தேன். ராட்சதன் இல்லை. வேறு மரத்துப் பிசினிலும் இல்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அம்மா கை பட்டால்தான் வளருமோ, தம்பி?"

அம்மாவின் கைப்பக்குவம்

ஊருக்குப் போய்க் கேட்டேன். வடிகட்டியபின் ஒரு சிட்டிகை மயில்துத்தம், அந்த நீலநிறச் செம்பு உப்பு, போட்டாளாம். பசை பூச்சி அரிக்காமலிருக்க இங்கே எல்லோரும் சேர்ப்பது. பிசினின் மஞ்சளில் அந்த நீலம் தெரியவில்லை; அதிலிருந்த செம்புதான் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "கம்பெனிப் பசைக்கே போடுறோம். உனக்குக் குடுக்குறதப் பூச்சி திங்கட்டும்னு விட்டுருவேனாய்யா?"

பேராசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். உதவித்தொகை நின்றது. நாற்காலியில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு ஆய்வகத்துக்குப் போய், மிச்சமிருந்த புட்டிகளை எடுத்துப் பார்த்தேன்: மற்ற கரைசல்களெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தன, அம்மாவின் பிசின் மட்டும் தெளிவாக இருந்தது, என் ஆராய்ச்சியில் கெடாமல் மிஞ்சியது அது ஒன்றுதான்.