திரும்ப வாங்காத பேனா

இன்று காலை ராஜபாளையத்தில் பஸ் ஏறி, மாத்திரை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பயந்த காலத்துப் பழக்கம் அது, இன்னும் விடவில்லை. எனக்கு எச்.ஐ.வி. இருப்பது இப்போது இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்.

மதுரையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். எங்களைப் போன்றவர்களை ஆஸ்பத்திரிகளில் ஒதுக்குகிறார்களா என்று கணக்கெடுக்கிறாராம்.

நர்ஸுக்கு ஒரு தாள், எனக்கு ஒரு தாள். மேடம் கையில் ஒரே பேனா. நர்ஸ் எழுதி முடித்துத் திருப்பிக் கொடுத்ததும், அதே பேனாவை வாங்கி என்னிடம் தந்தார்.

‘நீங்கள் தொட்ட பொருளைத் தொட யாராவது தயங்கினார்களா?’ என்று ஒரு கேள்வி. நன்றாக யோசித்து ‘இல்லை’ என்று டிக் அடித்தேன்.

தாளையும் பேனாவையும் நீட்டினேன். தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்.

“பேனாவ நீங்களே வச்சுக்கோங்கண்ணே.”

“வெளிய இன்னும் ஆளுக உக்காந்திருக்காக மேடம். அவியளுக்கு வேணாமா?”

“பையில வேற இருக்குண்ணே” என்று சிரித்தார். நல்ல சிரிப்புதான். அதுதான் இடிக்கிறது. வேறு இருந்தால் நர்ஸ் எழுதும்போதே எனக்கு ஒன்று தந்திருக்கலாமே?

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதே நினைப்பு. பிரியத்தில் கொடுத்தாரா, பயத்தில் விட்டாரா? டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு மாற்றிப் போடலாம் என்றால், பேனா என்னிடம் இருக்கிறது, தாள் அவரிடம் போய்விட்டது.

பேனா நன்றாகத்தான் எழுதுகிறது. உங்களில் யாருக்காவது வேண்டுமா?