தாடைக் கட்டிக்கு ஒரு பல் படம்

ஏற்காடு கடைவீதிப் பல் ஆஸ்பத்திரியில் பிரிஸ்கில்லாவுக்குப் பதினோரு வருசமாக எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கரடியூர்ப் பக்கம் எஸ்டேட் லைனில் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்து, ரெண்டு வருசம் காப்பியும் மிளகும் பறித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். கைப்பதம் என்றால் அப்படி ஒரு பதம், எப்பேர்ப்பட்ட குமட்டல்காரரும் அவளிடம் சாதுவாக வாயைத் திறந்துகொண்டு இருப்பார். அவள் வாய்தான் சும்மா இருக்காது.

போன மார்கழியில் வெள்ளக்கடை ஊர்க்காரி ராசாத்தி கடைவாய்ப்பல் வலி என்று வந்தாள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடை போட்டிருப்பவள். மாஸ்க்கைக் கழற்ற மாட்டேன் என்று ஒரே அடம். கழற்றினால், தாடை நடுவில் பிளாஸ்திரி, ஓரத்தில் சீழ்.

“அது வேற சங்கதிங்க. ரெண்டு வருசமா கட்டி. ரெண்டு தடவ அறுத்தாச்சு, மறுபடி ஒழுகுது. வர்ற திங்கக்கெழம சேலத்துல மூணாவது தடவ. இதப் பாத்துட்டு ஒருத்தரும் பஜ்ஜி வாங்கறதில்லீங்க. கடைய எடுத்துற வேண்டியதுதான்.” சொல்லும்போதே ராசாத்திக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடைவாய்ப்பல்லின் படத்தைப் பார்த்த டாக்டர் ஜெயபிரகாஷ், வேரெல்லாம் நன்றாக இருக்கிறது, சொத்தையை அடைத்தால் போதும் என்றார். பிரிஸ்கில்லாவுக்கு மனசு ஆறவில்லை.

“ஏனுங்க, தாடையில எப்பவாச்சும் அடி பட்டுச்சுங்களா?”

“இல்லீங்க.”

“எஸ்டேட்ல மொளகு பறிச்சிருக்கீங்களா?”

“எட்டு வருசங்க.”

“ஒத்த ஏணியில?”

ராசாத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அட, அது மாசத்துக்கு நாலு தடவ தாடையில மொத்துமே! ஒருக்கா மொத்துனதுல முன்பல்லு ஒரு வாரம் ஆடுச்சு, அப்புறம் தானா நின்னுக்கிச்சு. அதெல்லாம் ஒரு அடிங்களா?”

கேட்டீர்களா கதையை! ஒத்த ஏணி என்றால் ஒற்றை மூங்கில்தான், அதன் கணுவில் கால் வைத்து ஏறுகிறபோது வழுக்கினால் நேராகத் தாடைக்குத்தான் வரும். மலையில் அதை யாரும் அடி என்று சொல்வதில்லை. சேலத்து டாக்டர் கேட்டபோதும் ராசாத்தி “அடி படலீங்க” என்றுதான் சத்தியம் செய்திருக்கிறாள்.

“டாக்டர், கீழ் முன்பல்லுக்கு ஒரு படம் எடுத்துப் பாத்துரலாங்க.”

“சொத்தை இல்ல, வலி இல்ல. நல்லா இருக்கற பல்லுக்கு எதுக்குக்கா படம்?”

“ஒண்ணே ஒண்ணுங்க.”

முதல் படத்தில் வேர் நுனி விழவே இல்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிரிஸ்கில்லா விடுகிறவளா? வாய்க்குள் வைத்த எக்ஸ்ரே சென்சாரை இன்னும் கீழே இறக்கி, கோணத்தை மாற்றி மறுபடி எடுத்தாள். திரையில் பார்த்தால், ஒரு முன்பல்லின் வேர் நுனியில் மிளகளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். பல் எப்போதோ உள்ளுக்குள் செத்து, வேரடி எலும்பு அரித்துப்போயிருந்தது.

ஜெயபிரகாஷ் எழுந்தே விட்டார். அந்தப் பல்லில் ஐஸ் வைத்தார். ராசாத்திக்குக் குளிரவே இல்லை. பிளாஸ்திரியை எடுத்து, சீழ் ஒழுகுகிற தாடை ஓட்டைக்குள் நூல் கனத்தில் ஒரு ரப்பர் குச்சியை மெல்லச் செருகி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். படத்தில் குச்சி வெள்ளைக் கோடாக நேரே போய்க் கறுப்பு வட்டத்தில் நின்றது. ரெண்டு வருசச் சீழும் அந்தப் பல்லிலிருந்துதான் வந்திருக்கிறது.

“அக்கா, ஜெயிச்சுட்டீங்க!” என்றார். தோற்றதில் அவருக்கு அத்தனை சந்தோசம். சேலத்துக்கு அவரே போன் போட்டுப் பேசி, அறுவையை நிறுத்தி வைத்தார். வேர் சிகிச்சை முடிந்து ஒரு மாசத்தில் ஒழுகல் நின்று தாடை காய்ந்தது. அடுத்து எடுத்த படத்தில் கறுப்பு வட்டம் சுருங்கி, எலும்பு வளர ஆரம்பித்திருந்தது.

மே மாசம், ஏரிக்கரையில் சீசன் கூட்டம். மாஸ்க் இல்லாமல் ராசாத்தி வாய் ஓயாமல் கூவி விற்கிறாள், கடை முன்னால் நீள வரிசை. பிரிஸ்கில்லாவும் போய்க் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது சட்டி காலி, மாவும் காலி.

“ஐயோ, உங்களுக்குப் போயி இல்லாமப் போச்சுங்களே!” என்று ராசாத்தி பதறிப்போனாள்.

“தீந்துபோச்சுங்களா? நெசமாலுமா?” என்று கேட்டுவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் பிரிஸ்கில்லா கை தட்டிச் சிரித்தாள்.