பூஜையன்று ஸ்டார்ட் ஆகாத கார்

போன மாதம் இருபது வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, கோயிலில் பூஜை போட்டேன். இரண்டு சாவிகளையும் ஐயர் மஞ்சள் கயிற்றில் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் காத்திருந்தது. கோயில்வரை நன்றாக ஓடிவந்த காரோ ஸ்டார்ட் ஆகவில்லை. மீட்டரில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டியது.

போனில் கேட்டதற்கு, "திருட்டுத் தடுப்புப் பெட்டி போச்சு, கழட்டி மாத்தணும்" என்றார் பட்டறைக்காரர். நானும் காரை இழுத்துப்போக லாரி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஆயர் ஈத்தாம் பகுதியில் கார் வயரிங் வேலை செய்யும் கலா அக்கா அர்ச்சனைக்கு வந்திருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சாவியக் காட்டுங்க தம்பி" என்றார். கயிற்றை அவிழ்த்து, ஒரு சாவியை என் மனைவியிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"ரெண்டுலயும் சிப் இருக்குலா. ரெண்டும் ஒன்னா பேசுனா இந்தக் காடிக்கு எதுவும் வெளங்காது. இப்பத் திருப்புங்க."

கார் உறுமியது. பழம் நசுங்கியது. ஒரு ஸ்க்ரூட்ரைவரைக்கூடத் தொடாத அந்த அக்கா, தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பிவிட்டார். நான் பட்டறைக்காரரை அழைத்து, லாரியை வரவேண்டாம் என்றேன்.

இப்போது எது பழுதானாலும், கடைசியாக அதில் நான் என்ன செய்தேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். இரண்டாவது சாவி வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஐயரும் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். கார் பூஜைக்கு யார் வந்தாலும், "ஒரு சாவி போதும்" என்கிறார்.