டீசல் உபயம்

எங்கள் கிள்ளான் கோயிலில் ராதாகிருஷ்ணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'ஜெனரேட்டர் ராதா' என்று கேட்க வேண்டும். பஸ் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆடித் திருவிழாவில் ரதம் வீதி சுற்றும்போது, அதன் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் பின்னால் என் லோரியில் வரும். லோரி ஓட்டுவது நான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஓட்டவே தெரியாதது போல அறிவுரை சொல்வது அவர்.

திருவிழாவை விட்டால் அந்த ஜெனரேட்டருக்கு அதிகம் வேலையில்லை, கொட்டகையில் கிடக்கும். ஆனாலும் ஒவ்வொரு ஆடிக்கும் அதன் டீசல் டேங்குக்கு வெள்ளிச் சாயம் பூசிவிடுவார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு அலங்காரம் நடக்காது.

டீசல், நல்லம்மாள் அக்காவின் உபயம். லோரி ஓட்டிய கணவர் இறந்தபிறகு, அவர் பெயரில் வருடந்தோறும் டேங்கை நிரப்பித் தருகிறார். உபயமாக வந்ததில் ஒரு சொட்டும் கீழே போகக்கூடாது என்பது ராதாவின் பிடிவாதம். அதனால் பழைய டீசல் மேலேயே புதியதை ஊற்றுவார். அடியில் தங்கும் தண்ணீரை வடிக்க டேங்கில் இருக்கும் அடிக்குழாயை அவர் திறந்ததே இல்லை. பட்டறையில் இருந்தவரை பஸ்களுக்கு அதைத் தவறாமல் திறந்துவிட்டவர்தான்.

சென்ற வருடம் ரதம் புறப்படச் சில நாட்களே இருந்தபோது, ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தோம். இருமி இருமி நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றினால் கறுப்பாக, வழவழவென்று ஏதோ அப்பிக் கிடந்தது. டேங்கின் அடியில் வெள்ளிச் சாயத்தையும் மீறி டீசல் கசிந்தது. ராதாவின் முகம் செத்துப் போனது.

ரவாங் பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் நூர் முகமதுவிடம் கொண்டுபோனோம். அவர் டேங்கைக் காலி செய்து, கழுவி, அடித்தகட்டை வெட்டிக் காட்டினார். உள்பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள்.

"இப்ப வர்ற டீசல்ல பாமாயில்ல செஞ்சதும் கலந்திருக்குல்ல அண்ணே, அது ஈரத்த இழுக்கும். தண்ணி அடியில தங்கிரும். தண்ணியும் டீசலும் தொடுற எடத்துல கிருமி வளரும். டீசலத் தின்னுட்டு அமிலத்த விடும். அதுதான் இரும்ப அரிச்சிருக்கு. தண்ணிய அப்பப்ப வடிச்சிருந்தா இவ்வளவு ஆயிருக்காது."

"வடிச்சா அக்காவோட உபயம் வீணாப் போயிடுமேன்னு பார்த்தேன்லா," என்றார் ராதா.

ரதம் புறப்படுவதற்குள் புதுத் தகடு வைத்துத் தந்துவிடுவதாக நூர் முகமது சொன்னார். பழைய டீசலை மட்டும் திரும்ப ஊற்றவே கூடாதாம். ராதாவுக்கு இடி விழுந்தது அங்கேதான். கணவர் பெயரில் தந்ததைக் கொட்டிவிட்டோம் என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது? மனம் நொந்து அவர் உபயத்தையே நிறுத்திவிட்டால்?

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"எங்க வீட்டுக்காரரு காலையில எந்திரிச்சா, லோரியில தண்ணிய வடிச்சிட்டுத்தான் சாமியே கும்பிடுவாரு," என்றார் அக்கா. "ரதத்துல வெளக்கு எரியணும்னுதானே தம்பி நான் குடுத்தேன்? பத்திரமா எடுத்து வைக்கச் சொன்னேனா?"

அக்கா முதலில் சிரித்தார், பிறகு நாங்களும் சிரித்தோம். எனக்கு நிம்மதியில் பசியே வந்துவிட்டது.

டேங்க் சொன்னபடி வந்துசேர, அந்த வருட ரதமும் வெளிச்சமாகவே போனது. இப்போதெல்லாம் ராதா அடிக்கடி தண்ணீரை வடித்து விடுகிறார். இந்த ஆடியில் உபயத்தைத் தொடங்கிவைத்தவர் அக்காதான். அடிக்குழாயை அவரே திறந்தார். கலங்கல் தண்ணீர் போத்தலில் இறங்கி, டீசல் தெளிவாக வந்ததும், "போதும், இப்ப ஊத்துங்க," என்றார்.

அன்று ரதம் அக்கா வீட்டு வாசலில் நின்றபோது ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை. அர்ச்சனைத் தட்டைத் தந்துவிட்டு, அக்கா நேராக என் லோரிக்கு வந்தார். டேங்கின் புது வெள்ளிச் சாயத்தின் மேல் மூன்று விரலால் விபூதியை இழுத்துவிட்டார். தூசி பட்டாலே துடைக்கும் ராதா, அதை இன்றுவரை துடைக்கவில்லை.