அளவுச் சட்டை

டெய்லர் அக்காவுக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற நேரத்தில் நாற்பது பட்டன் தைத்துவிடலாம் என்பது அவளுடைய கட்சி. ஆனாலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் அவளையும் சேர்த்துவிட்டார்கள். வட்டாரத்துப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவர்கள் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டுமாம். டீச்சர், சுகாதார நிலைய நர்ஸ், பெண் போலீஸ், வேன் டிரைவர், அப்புறம் பள்ளிக்கு யூனிஃபார்ம் தைக்கிற இவள்.

"போய்த் தலையை ஆட்டிட்டு வா. காஜாவை நான் பாத்துக்கறேன்" என்று புருஷன் அனுப்பிவைத்தார். கடையில் பட்டன் துளை போடுவது அவர் வேலை.

கூட்டம் நடந்தது பள்ளி மாடியில், ஒன்றாம் வகுப்பு அறையில். அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது. முதல் அரைமணி நேரம் அக்கா மனசுக்குள் காலர் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் டீச்சர் ஒரு பெண்ணைப் பற்றி ஆரம்பித்தார். நாலாம் வகுப்பு. அம்மா அப்பா இல்லை. பெரியம்மா வீட்டில் வளர்கிறது.

"மத்த பிள்ளைங்க டப்பாவுல மிச்சம் வெச்சா எடுத்துச் சாப்பிடுது. ஏம்மான்னு கேட்டா சிரிக்குது."

"வேன்ல ஏறினதுமே தூங்கிடுதுங்க" என்றார் டிரைவர். "நான் ஏதோ ராத்திரி டிவி பாக்குதுன்னு நெனச்சேன்."

நர்ஸ் பேனாவை மேசையில் போட்டார். "நான் வீட்டுக்கே போயிட்டேன். பிறவியிலேயே பூஞ்சை உடம்புன்னு பெரியம்மா சாதிக்கறாங்க. எடை பாக்கற நாளெல்லாம் பொண்ணு லீவு. பழைய அளவு எதுவுமே இல்லாம, வளரலைன்னு எதை வெச்சு நான் சொல்றது?"

"அட, அந்தப் பொண்ணா!" அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மூணு வருஷமா நான்தான் தைக்கறேன். ஒரு ஆல்டரேஷன் வந்ததில்ல, தெரியுமா? அவங்க பெரியம்மா அளவுச் சட்டை கொண்டுவந்து குடுப்பாங்க. போன வருஷம் தெச்ச அதே சட்டை, ஸ்கர்ட். அதே அளவுல போட்டா கச்சிதமா…"

"அதே அளவா?" என்றார் நர்ஸ்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டது. எதிர்வரிசையில் இருந்த தன் கடைக்கு ஓடினாள். புருஷன் கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லாமல் அளவு நோட்டுகளை அள்ளிக்கொண்டு மறுபடி பள்ளி மாடி ஏறினாள்.

மூன்று வருஷமும் தோள் பதினொன்று. கை நீளம் அதே. ஸ்கர்ட் நீளம் அதே. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. "இடுப்பு அரை அங்குலம் பிடிக்கவும்" என்று அவள் கையெழுத்திலேயே இரண்டு இடத்தில் இருந்தது. பெரியம்மாவின் சொந்தப் பையன்கள் இரண்டு பேரும் வருஷாவருஷம் நேரில் வந்து, நெஞ்சை நிமிர்த்தி அளவு கொடுத்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் பக்கத்தில் எண்கள் மளமளவென்று ஏறியிருந்தன.

வளருகிற பிள்ளைக்கு இடுப்பைப் பிடித்துச் சின்னதாக்கச் சொன்னார்கள். இவளும் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையலில் குறை வரவில்லையே என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது வேறு.

"இதுவரைக்கும் கையில ஒண்ணுமே இல்லாம இருந்தோம்" என்று போலீஸம்மா நோட்டை வாங்கிக்கொண்டார். "கெளம்புங்க."

வீட்டில் பெரியம்மா சத்தமாகத்தான் ஆரம்பித்தாள். "நல்லாத்தான் திங்கறா, உடம்புல ஒட்டலைன்னா நான் என்ன பண்ண?" போலீஸம்மா நோட்டை விரித்துக் காட்டியதும் குரல் இறங்கிவிட்டது. அன்றைக்கே பிள்ளையை மருத்துவமனையில் சேர்ப்பதென்று முடிவானது. நர்ஸ் பைக்குள் துணிகளை எடுத்துவைக்க, அக்கா அந்தப் பெண்ணின் செருப்பு வாரை மாட்டிவிடக் குனிந்தாள்.

"உங்களை எனக்குத் தெரியும்" என்றது பிள்ளை. "துணி குடுக்க வர்றப்போ என்னையும் கூட்டிட்டு வருவாங்க. நான் உங்க கடை வாசல்லயே நிப்பேன். ஒரு தடவை கையை ஆட்டினேன். நீங்களும் ஆட்டினீங்களே, ஞாபகமிருக்கா?"

அக்கா அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.